மூக்காண்டிகள் சாகும் விதம்

'கேப்டன் அண்டப்புளுகன்' விளையாட்டில் துப்பாக்கிக்கும் வாய் உண்டு. சுடச் சொன்னால், "இன்னிக்கு எனக்கு மூடு இல்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிடும். கொஞ்சம் கெஞ்ச வேண்டும். இன்னொரு துப்பாக்கி குண்டுக்குப் பதிலாகப் பிரஷர் குக்கரை எறியும். மூன்றாவது விசில் வந்தால்தான் அது வெடிக்கும். அதுவரை எதிரிகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு, அடுப்பை யார் அணைப்பது என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் பொய் மட்டுமே பேசும் ஒரு விண்வெளிக் கேப்டன், தான் காப்பாற்றியதாகப் பீற்றிக்கொண்ட கிரகங்களை இப்போது நிஜமாகவே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எதிரிகள் மூக்காண்டிகள். உடம்பில் பாதி மூக்கு, மீதி தொப்பை. கூட்டம் கூட்டமாக வருவார்கள், கூட்டம் கூட்டமாகச் சாவார்கள்.

விளையாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தச் சாவுதான். சுடப்பட்ட ஒவ்வொரு மூக்காண்டியும் விழுவதற்கு முன் ஏதாவது பேசிவிட்டுத்தான் விழும். ஒருமுறை பேசியது மறுமுறை வராது. ஆடுகிறவர் கழுத்தில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எதற்குச் சிரிக்கிறார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப மூக்காண்டிகள் பேசக் கற்றுக்கொள்வார்கள். அந்தப் பேச்சை மட்டும் பதிவு செய்ய முடியாது. வீடியோ எடுத்தால் அந்த இடத்தில் வெறும் இசைதான் விழும். வியாபாரத் தந்திரம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இளம்பரிதியும் அமலியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே 'ரெண்டாம் ஆட்டம்' என்ற சேனலை நடத்திவந்தவர்கள். வீடியோ விளையாட்டுகளுக்குத் தமிழில் விமர்சனம் சொல்லும் சேனல்கள் தெருவுக்கு ஒன்று முளைத்து, முளைத்த வேகத்தில் கருகிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுடையது மட்டும் தாக்குப்பிடித்ததற்கு ஒரு வழக்கம்தான் காரணம். முதல் பாதியை ஒருவர் ஆடுவார். அதே கணக்கில், விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து முடிப்பார். இருவரும் தனித்தனியாக எழுதுவார்கள். எழுதி முடிக்கும்வரை அந்த விளையாட்டைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கேமரா முன் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் என்ன நினைத்தார் என்றே தெரியவரும், சண்டை அங்கேயே நடக்கும். ஜனங்கள் பார்த்தது விளையாட்டை அல்ல, அந்தச் சண்டையைத்தான்.

இந்த முறை முதல் பாதி பரிதியுடையது. அந்த வாரம் முழுக்க அவன் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தான். சும்மா சிரிப்பு இல்லை, கட்டிலில் புரண்டு, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரிப்பது. சோழிங்கநல்லூர் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் லிஃப்டில் பார்த்தபோது, "சார் நல்லா இருக்காரா?" என்று கேட்டார். அமலிக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் அப்பா இறந்த பிறகு பரிதி அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

அவளுடைய அப்பா மிக்கேல் தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறியவர். அவர் வாய் ஓடும் வேகத்துக்கு வியாபாரிகளின் காது ஓடாது என்பார்கள். அந்த வாயைத்தான் பக்கவாதம் எடுத்துக்கொண்டது. கை கால் ஓரளவு திரும்பியது, வார்த்தை திரும்பவில்லை. பேச்சு வந்தது, ஆனால் நினைத்த சொல்லுக்குப் பதில் வேறொரு சொல் வரும். தண்ணீரைச் 'சாவி' என்பார். தப்பு என்று உடனே அவருக்கே தெரிந்துவிடும். வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி, "அதில்ல... அதில்ல..." என்று நிறுத்தி, யோசித்து, இன்னும் பெரிய தப்பாக ஒன்றைச் சொல்வார். மஸ்கட்டில் இருந்த அமலியின் அண்ணன் பணம் அனுப்புவதோடு சரி. சென்னைக்குக் கூட்டிவரலாம் என்று சொன்னதே பரிதிதான். இரண்டு வருடம் குளிப்பாட்டினான், ஊட்டிவிட்டான், அவர் சொல்ல வந்த சொல் வரும்வரை முகம் மாறாமல் எதிரே உட்கார்ந்திருந்தான். மாமாவை இந்த நிலைமையில் யாரும் வீடியோ எடுக்கக் கூடாது என்று சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அதனால் ஏலம் கூறும் மிக்கேலுக்கு நூறு வீடியோ இருந்தது, வார்த்தை தேடும் மிக்கேலுக்கு ஒன்றுகூட இல்லை. அடக்கத்தன்று பங்குச் சாமியாரே பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டு, மகன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்றார். அமலி அவன்மேல் வைத்திருந்த அன்பில் பெரும்பகுதி அந்த இரண்டு வருடத்தில் வந்ததுதான். அதற்கு முன்பும் அன்பு இருந்தது, இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு அவனிடம் கோபப்படுவதற்கே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னும் மூணு கிரகம்தான் பாக்கி. சிரிச்சே செத்துடுவ," என்று சொல்லிக் கழுத்துப் பட்டையை அவளிடம் கொடுத்தான் பரிதி.

"ரூல் ஞாபகம் இருக்கா? வாயை மூடு," என்றாள் அமலி.

திரையில், 'ஆடுவது அதே ஆள்தானா?' என்று ஒரு கேள்வி வந்தது. எல்லா விளையாட்டும் கேட்கிற கேள்வி. ஆம் என்று அழுத்துவது அவர்கள் வழக்கம், அழுத்தினாள்.

முதல் மூக்காண்டி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. சுட்டாள். அது உட்கார்ந்தது, விரலைத் தூக்கியது.

"எங்க ராணி ஒளிஞ்சிருக்க எடத்த சொல்லிருதேன். கொழுக்கட்டைக்குள்ள... அதில்ல... கொழுந்தியாக்குள்ள... அதில்ல... கொத்தவரங்கா..." என்றது. அவமானத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே செத்துப்போனது.

அமலி சிரிக்க வாய் திறந்தாள். வாய் அப்படியே நின்றது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவதைச் சுட்டாள். அதுவும் விரலைத் தூக்கியது. தூக்குவதற்கு முன் கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தது. மூன்றாவது, சொல் கிடைக்காதபோது தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டது. நான்காவது, கேப்டனைப் பார்த்து, "எய்யா, கொஞ்சம் சாவி தாருமே, தொண்ட காயுது," என்றது.

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுக்கு முதலில் தோன்றியது அசிங்கமான ஒரு எண்ணம். பரிதி ரகசியமாக அப்பாவைப் பதிவு செய்திருக்கிறான், அதை இந்தக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறான். அவன் மேல் அப்படி நினைத்ததற்கு அடுத்த நிமிடமே வெட்கப்பட்டாள். ஆனாலும் அவனைக் கேட்கவில்லை. எழுதி முடிக்கும்வரை பேசக் கூடாது என்ற விதி இருக்கிறதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம். விமர்சகர்கள் கேள்வி கேட்பதற்காகக் கம்பெனி ஒருவரை ஒதுக்கியிருந்தது. சங்கமித்ரா என்று பெயர், கோயம்புத்தூரிலிருந்து வேலை பார்ப்பவள், மூக்காண்டிகளின் பேச்சுக்கு அவள்தான் பொறுப்பு. மறுநாள் காலை அமலி அவளை அழைத்தாள்.

"நாங்க யாரோட குரலையும் வாங்கறதில்லைங்க," என்றாள் சங்கமித்ரா. "முதல் கிரகத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சாவாங்க. கத்தறவன், புலம்பறவன், பாட்டுப் பாடறவன், திக்கறவன், ஊர்ப் பேச்சு பேசறவன்னு எல்லாத்தையும் கலந்து தூவிவிடுவோம். எதுக்கு நீங்க சிரிக்கறீங்களோ அதுக்கு மட்டும் தண்ணி ஊத்துவோம். சிரிக்காதது காஞ்சு போயிடும். நாலஞ்சு கிரகம் தாண்டறதுக்குள்ள உங்களுக்குன்னே ஒருத்தன் வளர்ந்து நிப்பான்."

"சிரிக்கிற மாதிரி நடிச்சா?"

"பட்டைக்குத் தெரிஞ்சிடுமுங்க. வாயால சிரிச்சா தொண்டை வேற மாதிரி அசையும். அதை நாங்க கணக்குலயே எடுக்கறதில்ல."

அமலி கேட்டாள். "அப்படி வளர்ந்து நிக்கிறவன், நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மாதிரியே இருந்தா?"

"இது விமர்சனத்துக்குங்களா, உங்களுக்குங்களா?"

"எனக்கு."

சங்கமித்ரா குரலைத் தாழ்த்தினாள். "முக்காவாசிப் பேருக்கு அப்படித்தானுங்க ஆகுது. அப்பா, மாமியார், பழைய வாத்தியார், கூடப் பொறந்தவங்க. ஆடறவங்களுக்குத் தெரியறதே இல்ல, அவங்களுக்கு அது வெறும் சிரிப்பு. பக்கத்துல உக்காந்து பாக்கறவங்கதான் கண்டுபிடிக்கறாங்க. அதனாலதான் பதிவு பண்ண முடியாதபடி வெச்சிருக்கோம். ஆரம்பத்துல ரெண்டு குடும்பத்துல பெரிய ரகளை ஆயிருச்சு."

"பாதிவரைக்கும் ஆடுனது என் வீட்டுக்காரர்தான். எங்கப்பா பேசுனத அது கேட்டிருக்கவே முடியாதா?"

"கேக்கறதுக்கு வழியே இல்லைங்க. அது கேட்டதெல்லாம் உங்க வீட்டுக்காரர் சிரிச்சத மட்டுந்தான்."

போனை வைத்த பிறகு அமலிக்குப் பரிதி ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் நன்றாயிருக்குமே என்று இருந்தது. அதை மன்னித்திருக்கலாம். ஒரு தப்பு செய்தான், பணத்துக்கு ஆசைப்பட்டான், போகட்டும் என்று விட்டிருக்கலாம். இது அப்படி இல்லை. ஆயிரம் மாதிரி சாவுகளை அவன் முன்னால் போட்டு எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சிரிப்பாகச் சிரித்து அவன் அப்பாவைக் கட்டி எழுப்பியிருக்கிறான். தூக்கிய விரல்வரை, தொடைத் தட்டல்வரை.

சமையலறையில் பரிதி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்றே கேட்டாள்.

"அப்பாவைப் பாத்து நீ சிரிச்சிருக்கியா?"

"என்ன திடீர்னு? ஒருநாள்கூட இல்ல."

"சிரிப்பு வந்திருக்கா?"

அவன் குழாயை மூடினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வந்திருக்கு."

"எப்போ?"

"தினமும்."

அவள் விளையாட்டைப் பற்றியும் சங்கமித்ரா சொன்னதையும் சொன்னாள். விதி போயிற்று. பரிதி கேட்டுக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் நடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"ஆடும்போது எனக்குத் தெரியல அமலி. சத்தியமா. ஏதோ ரொம்ப நாளா தெரிஞ்சவன் மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அவ்வளவு சிரிப்பு சிரிச்சியே."

"ரெண்டு வருஷத்துச் சிரிப்பு அது," என்றான் பரிதி. "குளிக்க வைக்கும்போது சோப்பைக் காட்டி, 'மாப்ள, அந்த டிராக்டர எடுங்க'ம்பாரு. எனக்குக் குடலே முறுக்கும். முகத்துல ஒரு சுருக்கம் காட்டினதில்ல. டிராக்டர் எந்தப் பக்கம் மாமான்னு கேட்டு எடுத்துக் குடுப்பேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுகூடச் சிரிச்சதில்ல, அவருக்குக் கேட்டுருமேன்னு. அது அன்பு இல்லையா?"

"அன்புதான்."

"உங்கண்ணன் சிரிக்கல. ஏன்னா அவரு வந்து பாக்கவே இல்ல."

"எங்கண்ணனை விடு. எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்ல, பரிதி."

"உனக்கு அழுகை வந்துச்சு. நீ அதை அவர் முன்னாடி காட்டாம வெச்சே. எனக்கு இது வந்துச்சு, நான் இதை வெச்சேன். ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் ஒன்றில்லை என்று சொல்லத்தான் தெரியவில்லை. வாதத்தில் அவன் ஜெயித்துவிட்டான், சேனலிலும் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். "நீ அடக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியாமயே போயிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

அன்றே விமர்சனத்தை எழுதிவிட உட்கார்ந்தாள். பேசும் துப்பாக்கி அருமை என்று எழுதினாள். குக்கர் வெடிக்கும் காட்சியைக் குழந்தைகளோடு பார்க்கலாம் என்று எழுதினாள். கடைசியாக, 'இந்த விளையாட்டைத் தனியாக ஆடுங்கள். உங்கள் கணக்கை வீட்டில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்' என்று ஒரு வரி. இதற்கு மேல் நியாயமான விமர்சனம் இருக்க முடியாது. ஆனால் ஆட்டத்தை முடிக்காமல் மதிப்பெண் போடுவதில்லை என்பதும் அவர்கள் வழக்கம். பட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் ஆடினாள். தேவையில்லாமல் ஒரு மூக்காண்டியையும் கொல்லாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். வழி மறித்தவற்றை மட்டும் சுட்டாள், சுட்டுவிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குள் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. அவமானம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய், அப்பா பேசுகிறார் என்பது மட்டும் நின்றது. அதுவும் பழைய பேச்சு இல்லை. செத்துப்போன மனிதர் சொல்லாத புதுத் தப்புகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது. பதிவு சொன்னதையேதான் திரும்பச் சொல்லும்.

கடைசிக் கிரகத்தில் கால் வைத்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். சுடப்பட்ட மூக்காண்டி விரலை முழுசாகத் தூக்கவில்லை. பாதியில் நின்றது. "தண்ணி குடுங்க," என்று சரியாகவே சொல்லிவிட்டுச் செத்தது. அடுத்தது பாட்டுப் பாடிற்று. அதற்கடுத்தது கேப்டனின் மீசையைக் கிண்டல் செய்தது, எந்த ஊர்க்காரனும் பேசுகிற பொதுப் பேச்சில். பட்டை அவள் கழுத்தில் இருந்தது, அவள் சிரிக்கவே இல்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அப்பா காய்ந்துகொண்டிருந்தார்.

"பரிதி, இங்க வா," என்றாள்.

மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக விழுந்துகொண்டிருந்தது. அவன் தயங்கித் தயங்கி வந்தான். இரண்டு நாளாக இருவரும் சாப்பாட்டுக்குக்கூட ஒன்றாக உட்காரவில்லை. அவள் பட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் கட்டினாள். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிரி."

"என்ன சொல்றே?"

"அப்பா போயிட்டு இருக்காரு. யாரும் சிரிக்கலன்னா போயிருவாரு. நீதான கொண்டுவந்தே. சிரி."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கண் கலங்கிவிட்டான். அவள் ஒன்றைச் சுட்டாள். அது விரலைக் கொஞ்சம் அசைத்து, "எங்க ஊரு... எங்க ஊரு பம்பரம்..." என்று இழுத்தது. பரிதி சிரித்தான். கேமரா முன்னால் சிரிக்கிற சிரிப்பு, பல் எல்லாம் தெரிந்தது. திரையில் எதுவும் மாறவில்லை. அடுத்ததைச் சுட்டாள். அது மீசையைக் கிண்டல் செய்தது.

"நல்லா சிரி. அன்னிக்குச் சிரிச்ச மாதிரி."

"முடியல அமலி."

"டிராக்டரை நினைச்சுக்கோ. சோப்பை நினைச்சுக்கோ."

"நினைச்சேன். எனக்கு அழுகைதான் வருது," என்றான் அவன். "இனிமே எனக்கு அது வராது. நீ கேட்டதுக்கப்புறம் வராது." பட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்தான். அவன் அழுவதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரிக்கத் துப்பில்லையே என்று ஆத்திரம்தான் வந்தது.

பட்டையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கடற்கரை மாதிரி ஒரு இடத்தில் ஒரு மூக்காண்டி தனியாக நின்றது. துப்பாக்கியிடம் கெஞ்சிச் சுட்டாள். அது மணலில் சரிந்து உட்கார்ந்தது. எல்லா மூக்காண்டிகளும் ஏதோ ஒரு கட்டத்தில் சொல்கிற கடைசி ஆசையை அதுவும் சொல்லத் தொடங்கியது. கண்ணை இறுக மூடித் திறந்தது. விரல் முக்கால்வாசி எழுந்தது.

"எம் மவகிட்ட சொல்லிரும், எய்யா. நான் அவள ரொம்ப..." என்றது. "ரொம்ப..." என்று நிறுத்தியது. தொடையைத் தட்டியது. சொல் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்தது. "ரொம்ப முனிசிபாலிட்டி."

அமலி வெடித்துச் சிரித்தாள்.

அடக்க நினைப்பதற்குள் வந்துவிட்டது. வயிற்றிலிருந்து வந்தது, தோள் குலுங்கியது, மூச்சு முட்டியது. கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. எப்போதுமே வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது, அவள்தான் மகள் என்பதால் பார்க்காமல் இருந்திருக்கிறாள். கழுத்தில் பட்டை இளஞ்சூடாக அதிர்ந்தது. தூரத்து மணல்மேட்டில் இரண்டு மூக்காண்டிகள் தலை தூக்கின. ஒன்று மற்றொன்றைப் பார்த்து விரலை நேராக உயர்த்தி, "அதில்ல..." என்றது.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பரிதி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் நின்று அவள் அவனைப் பார்த்த அதே பார்வை இல்லை அது. அதைவிடக் கொஞ்சம் பயந்த பார்வை. அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனான். அவனைக் கூப்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கூப்பிடவில்லை.

மணல்மேட்டில் அந்த இரண்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. சுடாமல் இருந்தால் அவை அதற்கு மேல் பேசாது. அமலி குறிபார்த்துச் சுட்டாள்.